படத்தின் ஓரத்தை அப்படியே கொலிஷன் வடிவமாக வரையாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி கோடோ என்ற கேம் என்ஜினில் செய்த பிளாட்ஃபார்மர் கேமை, அதாவது ஓடித் தாவி ஆடும் கேமைக் கொண்டுவந்து காட்டினார். "அண்ணே, ஹீரோ வலது பக்கம் ஓடினா சுவரை ஒட்டி நிக்கிறான், இடது பக்கம் ஓடினா ஒரு சாண் முன்னாடியே நின்னுடுறான். ஸ்கிரிப்டை நாலு தடவை பாத்துட்டேன்."

ஸ்கிரிப்டில் தப்பே இல்லை. எது எதில் மோதுகிறது என்று என்ஜின் கணக்குப் போடும் கண்ணுக்குத் தெரியாத வடிவம்தான் கொலிஷன் ஷேப். டீபக் மெனுவில் 'விசிபிள் கொலிஷன் ஷேப்ஸ்' என்பதை டிக் செய்து ஓட்டினோம், விஷயம் தெரிந்துவிட்டது. ஹீரோவின் படமான ஸ்ப்ரைட்டின் மெனுவிலிருந்தே கொலிஷன் பாலிகனை, அதாவது புள்ளிகளைக் கோட்டால் இணைத்த மோதல் வடிவத்தை உருவாக்கும் வசதி இருக்கிறதல்லவா, அதை அழுத்தியிருக்கிறார். அது சொன்ன வேலையைச் சரியாகச் செய்து தலைமுடி, முதுகில் தொங்கும் வாள் உறை என்று எல்லாவற்றையும் சுற்றி அறுபதுக்கு மேல் புள்ளி வைத்துவிட்டது. ஹீரோ திரும்பும்போது இவர் 'ஃப்ளிப் ஹெச்' போடுகிறார், அது படத்தை மட்டும்தான் திருப்பும், பாலிகன் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, இடது பக்கம் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாள் உறை ஹீரோவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு போய்ச் சுவரில் இடிக்கிறது!

என்னிடம் வரும் புதியவர்களின் புராஜெக்டுகளில் பாதிக்குப் பாதி இதே கதைதான். படம் கண்ணுக்கு, கொலிஷன் கைக்கு. ஆடுபவருக்கு எப்படித் தோன்ற வேண்டும் என்று யோசித்து வைக்க வேண்டிய வடிவத்தைப் படத்தின் மேல் டிரேஸிங் பேப்பர் வைத்த மாதிரி வரைந்துவிடுகிறார்கள். நாணயத்துக்குப் படத்தைவிடப் பெரிய வட்டம் போடுங்கள், முள்ளுக்குப் படத்தைவிடச் சின்னதாகப் போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே குழிந்த பாலிகனை என்ஜின் அப்படியே பயன்படுத்தாது, குழிவில்லாத சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். புள்ளி கூடினால் துண்டும் கூடும், ஒவ்வொரு மூலையும் தரையின் இணைப்பில் மாட்ட ஒரு வாய்ப்பு. புள்ளிகளை இழுக்கும்போது ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டிவிட்டால் வெட்டவே முடியாமல் போய், அவுட்புட்டில் சிவப்பாக 'கான்வெக்ஸ் டீகம்போசிங் ஃபெயில்ட்' என்று வரும். அதைப் பார்க்காமல் விட்டால் மோதலே நடக்காது, அப்புறம் எதிரி ஏன் சுவருக்குள் புகுந்து போகிறான் என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

பாலிகன் தேவைப்படும் இடம் இருக்கிறது, சரிவான பாறை, குகைச் சுவர் மாதிரி. அங்கேயும் ஏழெட்டுப் புள்ளி போதும். கோட்டின் மேல் கிளிக் செய்தால் புதுப் புள்ளி, புள்ளியின் மேல் வலது கிளிக் செய்தால் அது போய்விடும். தானாக உருவாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அப்போது திறக்கும் பெட்டியில் இருக்கும் சிம்ப்ளிஃபிகேஷன் எண்ணையாவது ஏற்றுங்கள்.

செவ்வகம், வட்டம் போட்டவர்கள் அளவை மாற்ற ஸ்கேலைத் தொடாதீர்கள். வடிவத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னப் புள்ளிகளை இழுங்கள். அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று ஸ்கேல் வைத்தால் மோதல் எதிர்பார்த்தபடி நடக்காமல் போகலாம்.

நானே மாட்டிய ஒன்று. ஒரு முள் பொறியை கன்ட்ரோல் டி போட்டு எட்டாக்கி, கடைசி ஒன்றை மட்டும் சின்னதாக்கினேன். மற்ற ஏழும் கூடவே சுருங்கியிருக்கின்றன, கவனிக்கவில்லை. காட்சியில் இருக்கும் பொருள், அதாவது நோட்தான் எட்டு, உள்ளே அளவை வைத்திருக்கும் ஷேப் ரிசோர்ஸ் ஒன்றே ஒன்று. சோதித்துப் பார்த்தவர் "முள்ளு மேல நடந்து போறேன் சார், ஒண்ணும் ஆகல" என்றபோதுதான் உறைத்தது. இன்ஸ்பெக்டரில் அந்த ஷேப்பை வலது கிளிக் செய்து 'மேக் யுனிக்' கொடுத்துவிட்டு அளவை மாற்றியிருந்தால் பிரச்சினையே இல்லை.

தம்பியின் ஹீரோவுக்கு அந்த அறுபது புள்ளியையும் அழித்துவிட்டு மாத்திரை வடிவத்தில் ஒரு கேப்ஸ்யூல் வைத்தோம், தோளைவிடக் கொஞ்சம் ஒல்லியாக. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றான். "அப்ப வாள் எப்படிண்ணே வெட்டும்?" என்றார். அதற்குத் தனியாக ஒரு ஏரியா2டி, அதாவது உள்ளே யார் வந்தார்கள் என்று மட்டும் கவனிக்கும் ஒரு நோட், வாளை வீசும் நேரத்தில் மட்டும் ஆன்.