அலொகேஷன்: ஒதுக்கீடா, பங்கீடா?

மின்னணுச் சாதன நிறுவனங்களில் உதிரிபாகம் வாங்கும் பிரிவினருக்கு வயிற்றைக் கலக்கும் சொல் ஒன்று உண்டு: அலொகேஷன். “இந்த மெமரி அலொகேஷன்ல போயிடுச்சு” என்று விற்பவரிடமிருந்து தகவல் வந்தால், இனி நீங்கள் கேட்பது கணக்கில்லை, அவர்கள் தருவதுதான் கணக்கு என்று பொருள். ஒரு லட்சம் சிப் கேட்டவருக்கு அறுபதாயிரம் வரலாம், முப்பதாயிரமும் வரலாம். விலையை ஏற்றிக் கொடுக்கிறேன் என்றாலும் அது உடனே மாறிவிடாது.

அகராதியில் இதற்கு ‘ஒதுக்கீடு’ என்று இருக்கும். தவறில்லை. ஆனால் சிப் வணிகத்தில் இந்தச் சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. ஒதுக்கீடு அதில் ஒன்றுக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘லோகுஸ்’ என்றால் இடம். ‘லோகாரே’ என்றால் இடத்தில் வைத்தல். அதன் முன் ‘அட்’ என்ற ஒட்டு சேர்ந்து, இடைக்கால லத்தீனில் ‘அல்லோகாரே’ ஆயிற்று: இன்னதற்கு என்று ஓரிடம் குறித்து வைத்தல். லொகேஷன், லோக்கல் எல்லாம் இதே வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் கணக்கு வழக்கு, நிதி நிர்வாகம் பக்கம் வளர்ந்த சொல் என்பதால், யாரோ ஒருவர் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறார் என்ற தொனி இன்றும் அதில் இருக்கிறது.

தமிழில் ‘ஒதுக்கு’ என்ற வினையோடு ‘ஈடு’ சேர்ந்தது ஒதுக்கீடு. ‘இடு’ முதல் நீண்டு ‘ஈடு’ ஆவது, கெடு என்பது கேடு ஆவதைப் போன்றதுதான். பங்கிடு பங்கீடு ஆனதும், மதிப்பிடு மதிப்பீடு ஆனதும் இந்த வழியில். ‘ஒதுக்கு’ என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவருக்காக எடுத்து வைப்பதும் ஒதுக்குவதுதான், ஒருவரை வேண்டாமென்று தள்ளி வைப்பதும் ஒதுக்குவதுதான். சிப் தட்டுப்பாட்டின்போது இரண்டும் ஒரே பட்டியலில் நடக்கும் என்பதால், தெரிந்தோ தெரியாமலோ தமிழ்ச்சொல் லத்தீனைவிட நேர்மையாக இருக்கிறது.

சரி, மெமரி ஏன் அடிக்கடி அலொகேஷனில் போகிறது? டிரேம் எனப்படும் வேலை நினைவகச் சந்தையில் 90 விழுக்காட்டுக்கு மேல் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்களின் கையில் இருக்கிறது. சேமிப்புக்கான நேண்ட் வகையில் கியோக்சியா, சான்டிஸ்க், சீனாவின் ஒய்எம்டிசி என்று இன்னும் சிலர் உண்டு. கூட்டம் இவ்வளவு சிறுத்ததற்குக் காரணம் விலைச் சரிவுகள். ஜெர்மனியின் கிமோண்டா 2009இல் திவாலானது. ஜப்பானின் எல்பிடா 2012இல் விழுந்தது, மறு ஆண்டே மைக்ரான் அதை வாங்கிக்கொண்டது. தப்பிப் பிழைத்தவர்களுக்கு அந்தப் பயம் போகவில்லை. தேவை ஏறியவுடன் ஆலை கட்ட ஓடமாட்டார்கள். ஓடினாலும் புது ஆலை உற்பத்திக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இருக்கும் ஆலையிலேயே கூட ஒரு சிலிக்கான் வேஃபர், அதாவது சிப்புகள் உருவாகும் மெல்லிய வட்டத்தகடு, உள்ளே போய், சிப்பாகிச் சோதனை முடிந்து வெளியே வர மாதக்கணக்கில் ஆகிறது. தேவை ஒரே காலாண்டில் துள்ளினால் ஆலையால் துள்ள முடியாது. நடுவில் ஒரு விபத்து நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 2013 செப்டம்பரில் சீனாவின் வூஷி நகரில் ஹைனிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தபோது உலகம் முழுக்க டிரேம் விலை ஏறியது.

அப்படிப்பட்ட நேரத்தில் தயாரிப்பாளர் போடும் பட்டியல்தான் அலொகேஷன். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற நியாயம் அதில் செல்லாது. ஒப்பந்தம் உண்டா, கடந்த ஆண்டுகளில் எவ்வளவு வாங்கினார், விலை சரிந்த காலத்தில் சொன்ன அளவை எடுத்துக்கொண்டாரா அல்லது கைவிட்டாரா, லாபம் கூடிய சரக்கையும் சேர்த்து வாங்குகிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். வாங்குபவர்களும் சும்மா இருப்பதில்லை. நூறு வேண்டுமென்றால் இரண்டு மூன்று பேரிடம் நூறு நூறாக ஆர்டர் போட்டு வைப்பார்கள். இந்த இரட்டை ஆர்டரால் தேவை நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும், பங்கு இன்னும் சுருங்கும். பின்னாளில் அந்த ஆர்டர்கள் ரத்தாகும்போது விலை தலைகுப்புற விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது முதல் பொருள்: பற்றாக்குறையில் விற்பவர் பிரித்துக் கொடுப்பது. இதற்குத் தமிழில் ‘பங்கீடு’ என்ற சொல்லே சரி. ரேஷன் என்பதற்கும் இதே சொல் வழங்குவதால், குறைவாக இருப்பதை அளந்து தருகிறார்கள் என்பது சட்டென்று புரிந்துவிடும். ஒதுக்கீடு என்றால் அந்தப் பற்றாக்குறை காதில் விழாது.

இரண்டாவது பொருள் வாங்குபவர் பக்கத்தினுடையது. “2027க்கு எங்க அலொகேஷன் உறுதியாயிடுச்சு” என்று ஒரு நிறுவனம் சொன்னால், அங்கே அது ஒதுக்கீடுதான். பங்கீடு வருமுன்பே தன் பங்கை எடுத்து வைக்கச் செய்துவிட்டது என்று பொருள். பெரிய நிறுவனங்களின் கொள்முதல் வேலை முழுவதுமே பங்கீட்டு வரிசையில் நிற்காமல் ஒதுக்கீட்டைக் கையில் வைத்துக்கொள்வதற்கான முயற்சி என்று சொல்லலாம்.

இதற்குப் பாடமாகக் காட்டத்தக்கது ஆப்பிள் 2005இல் செய்தது. அந்த செப்டம்பரில் ஐபாட் நானோ வந்தது. அதற்கு முந்தைய சிறிய ஐபாடில் இருந்த வன்தட்டுக்குப் பதிலாக இதில் நேண்ட் வகை ஃபிளாஷ் மெமரி. நவம்பரில் ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், சாம்சங், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களோடு 2010 வரைக்குமான ஒப்பந்தங்களை ஆப்பிள் அறிவித்தது. அதற்காக 125 கோடி டாலரை முன்பணமாகக் கொடுப்பதாகவும் சொன்னது. போட்டியாளர்கள் அடுத்த காலாண்டு விலையைப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆப்பிள் ஐந்தாண்டுச் சரக்குக்கு இடம் போட்டுவிட்டது. ஐந்து பேரிடம் பிரித்து வாங்கியதும் கவனிக்கவேண்டியது. மெமரி சிப்புகள் பொதுத் தரநிலைகளின்படி உருவாவதால் ஒருவரின் சிப்புக்குப் பதில் இன்னொருவரின் சிப்பை, சோதித்து ஏற்றுக்கொண்டபின், அதே சாதனத்தில் வைக்கலாம். ஒருவர் கைவிட்டாலும் ஓட்டம் நிற்காது.

இன்னொரு வழி, விற்பவரின் நிறுவனத்திலேயே பணம் போடுவது. தோஷிபா தன் மெமரி பிரிவை விற்றபோது பெய்ன் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான கூட்டணி சுமார் 2 லட்சம் கோடி யென்னுக்கு வாங்கியது. 2018 ஜூனில் அது முடிந்தது. அந்தக் கூட்டணிக்குப் பணம் கொடுத்தவர்களில் ஆப்பிள், டெல், சீகேட், கிங்ஸ்டன் ஆகிய வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அந்தப் பிரிவுதான் இன்றைய கியோக்சியா.

நீண்டகால ஒப்பந்தம் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். மெமரி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அளவுதான் உறுதி. விலையைக் காலாண்டுக்கு ஒருமுறை மறுபடி பேசுவார்கள். சந்தை சரிந்தால் வாங்குபவர் அளவையும் குறைக்கப் பார்ப்பார். முன்பணம், எடுக்காவிட்டாலும் பணம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை, ரத்து செய்யமுடியாத ஆர்டர் ஆகியவையெல்லாம் இந்த அவநம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இரண்டு பொருளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அந்தச் செயலிகளுக்குத் தேவையான எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகம், அதே அளவு தரவுக்குச் கணினிகளில் இருக்கும் டிடிஆர்5 என்ற சாதாரண டிரேமைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபரை விழுங்குகிறது. 2024 மார்ச்சிலேயே மைக்ரான், 2025க்கான தன் எச்பிஎம் உற்பத்தியில் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னது. 2025 அக்டோபரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, சாம்சங்கோடும் எஸ்கே ஹைனிக்ஸோடும் விருப்பக் கடிதங்களில் கையெழுத்திட்டபோது பேசப்பட்ட இலக்கு மாதத்துக்கு 9 லட்சம் டிரேம் வேஃபர். அதே ஆண்டு டிசம்பரில், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு குரூஷியல் என்ற பெயரில் மெமரி விற்றுவந்த வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. ஒரு பக்கத்து ஒதுக்கீடு கூடக்கூட, மறுபக்கம் பங்கீடு இறுகுகிறது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கணினி நிரலாக்கத்தில் ‘மெமரி அலொகேஷன்’ என்று வேறொன்று உண்டு. ஓடும் நிரல் தனக்கு வேண்டிய நினைவகத்தைக் கேட்டுப் பெறுவது அது. ‘நினைவக ஒதுக்கீடு’ என்ற தொடர் அதற்கு ஏற்கெனவே பதிந்துவிட்டது. வணிகச் செய்தியிலும் அதையே எழுதினால் நிரலாளர் ஒன்று நினைப்பார், முதலீட்டாளர் ஒன்று நினைப்பார். ‘சில்லு’ அல்லது ‘சிப்’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் போகும். ‘விநியோகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரக்கு போய்ச் சேர்வதைக் குறிக்கும் சொல், யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதைக் குறிக்காது.

எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: “டிரேம் சிப்புகள் பங்கீட்டுக்கு வந்துவிட்டன, ஆர்டரில் பாதிதான் கிடைக்கும்.” “அடுத்த ஆண்டுக்கான சிப் ஒதுக்கீட்டை நிறுவனம் முன்பணம் கட்டி உறுதிசெய்தது.” பேச்சில் அலொகேஷன் என்றே சொல்லிப் போகிறவர்களைத் திருத்தவேண்டியதில்லை, யார் பக்கமிருந்து சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.