6,64,200 பேரும் 76 லட்சம் வருகைகளும்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் கடைசி வேலைநாளில், அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் 6,64,200 பேர் இருந்தார்கள். அந்த நாளோடு முடிந்த ஓராண்டில் அதே சிறைகளில் பதிவான வருகைகளோ ஏறத்தாழ 76 லட்சம். ஒருவர் மூன்று முறை பிடிபட்டால் மூன்று வருகை. இரண்டு எண்களையும் வெளியிட்டது ஒரே அலுவலகம்தான்: அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரப் பணியகம். ஆனால் ஒரு கவுண்டியில் (மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) புதிய உள்ளூர்ச் சிறை கட்டலாமா என்ற பேச்சு எழும்போது எல்லோரும் முதல் எண்ணையே தூக்கிக்காட்டுகிறார்கள். அந்த எண் பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான்.

கவுண்டி சிறை என்பது நீண்ட தண்டனை பெற்றவர்களுக்கான இடமல்ல. அவர்கள் மாநிலச் சிறைகளுக்கோ மத்திய அரசின் சிறைகளுக்கோ போய்விடுவார்கள். பெரும்பாலும் ஷெரிஃபின், அதாவது கவுண்டியின் காவல் தலைவரின், பொறுப்பில் உள்ள கவுண்டி சிறைக்கு வருபவர்கள் அன்று கைதானவர்கள், ஜாமீன் தொகை புரட்ட முடியாதவர்கள், வழக்கு முடியக் காத்திருப்பவர்கள், பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்கள். பத்தில் ஏழு பேர் விசாரணைக் கைதிகள்.

இந்தப் போக்குவரத்தை அளக்க ஓர் எளிய சமன்பாடு இருக்கிறது. 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதற்கு நிரூபணம் தந்தார். ஓர் இடத்தில் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, வருகை வேகத்தையும் ஒருவர் தங்கும் சராசரிக் காலத்தையும் பெருக்கினால் கிடைப்பது. சாப்பாட்டுக் கடைக்கு நிமிடத்துக்கு இரண்டு பேர் வந்து ஆளுக்கு இருபது நிமிடம் உட்கார்ந்தால், எந்த நேரமும் சுமார் நாற்பது இலை விரிந்திருக்கும்.

சிறைக் கணக்கில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 76 லட்சத்தை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,800 வருகைகள். சராசரித் தங்கல் 32 நாட்கள். பெருக்கினால் சுமார் 6,66,000. இப்போது 2019க்குப் போவோம். அப்போது ஆண்டு வருகை 1.03 கோடி, சராசரித் தங்கல் 26 நாட்கள், ஆண்டின் நடுவில் உள்ளே இருந்தவர்கள் 7,34,500 பேர். தலைகளை மட்டும் எண்ணுகிறவர், நான்கு ஆண்டுகளில் பத்து சதவீதம் குறைந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். உண்மையில் நடந்தது வேறு. வருகை கால் பங்குக்கு மேல் சரிந்தது. தங்கும் காலம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. ஒன்று இறங்க, மற்றது ஏறி, அந்த இறக்கத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. முதலாவது போலீஸ் யாரைக் கைது செய்கிறது என்பதைப் பற்றியது. இரண்டாவது நீதிமன்றங்களின் வேகத்தையும் ஜாமீனையும் பற்றியது. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு ஆட்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 32 நாள் யாரும் நாட்காட்டி பார்த்து அளந்ததல்ல. சராசரி எண்ணிக்கையை வருகையால் வகுத்துப் பணியகம் வரவழைத்துக்கொண்டது. ஆகவே மேலே விடை பொருந்தியதில் வியப்பில்லை. ஒவ்வொருவரும் நுழைந்த தேதியும் வெளியேறிய தேதியும் கையில் இருந்தால்தான் உண்மையான தங்கல் தெரியும். சிறையின் கணினிப் பதிவேட்டில் அந்தத் தேதிகள் இருக்கின்றன. தொகுத்து வெளியிடுவதுதான் அரிது.

தேதிகள் ஏன் வேண்டும்? ஒரு கற்பனைச் சிறையை எடுத்துக்கொள்வோம். தினமும் பத்துப் பேர் வருகிறார்கள். ஒன்பது பேர் ஒரே நாளில் ஜாமீனில் போய்விடுகிறார்கள். ஒருவர் 90 நாட்கள் கிடக்கிறார். எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே 99 பேர்: அன்று வந்துபோகும் 9 பேர், நெடுநாளாக இருக்கும் 90 பேர். வருபவர்களில் பத்தில் ஒருவர்தான் நெடுநாள் ஆசாமி. எண்ணும் நாளிலோ பதினொன்றில் பத்துப் பேர் அவர்கள். சராசரித் தங்கல் 9.9 நாட்கள் என்று அறிக்கை சொல்லும். அந்தச் சிறையில் 9.9 நாட்கள் இருந்தவர் ஒருவர்கூட இல்லை!

கண்காணிப்புக்காக எண்ணுவதில் டெக்சஸ் மாநிலம் பழைய கை. 254 கவுண்டிகள் கொண்ட அம்மாநிலத்தில் 1975இல் சிறைத் தர ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். மாதத்தின் முதல் நாளில் உள்ளே யார் யார் என்ற கணக்கை, ஐந்தாம் தேதிக்குள் கவுண்டிகள் அதற்கு அனுப்ப வேண்டும். மொத்தத் தலைகளைச் சொன்னால் மட்டும் போதாது. விசாரணையில் இருப்பவர்கள் எத்தனை, தண்டனை பெற்றவர்கள் எத்தனை, சிறு குற்றமா பெருங்குற்றமா, மாநிலச் சிறைக்கு அனுப்பக் காகிதமெல்லாம் தயாராகி வண்டிக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை, சிறையின் கொள்ளளவு எவ்வளவு என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கொள்ளளவு என்றால் படுக்கைகள்தானே என்று நினைக்கலாம். ஆனால் அங்கே 48 கைதிகளுக்கு ஒரு காவலராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆள் பற்றாக்குறை வந்தால் படுக்கை காலியாகக் கிடந்தாலும் கைதியை வைக்க முடியாது. ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி, பக்கத்து மாநிலமான லூசியானா வரைக்கும் கைதிகளை அனுப்பிக் காசு கொடுத்துத் தங்கவைத்தது. அப்படிப் போனவர்கள் யார் கணக்கில் வருவார்கள்? வழக்குக்குப் பொறுப்பான இடத்திலா, உடல் இருக்கும் இடத்திலா? விதியைத் தெளிவாக வைக்காவிட்டால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவோம், அல்லது எண்ணாமலே விடுவோம்.

இந்தக் குழப்பம் மிகவும் உறுத்துவது சாவுக் கணக்கில்தான். சிறைச்சாவு விகிதம் காணச் சாவுகளைச் சராசரி எண்ணிக்கையால் வகுப்பது வழக்கம். ஆனால் உள்ளூர்ச் சிறைகளில் நேரும் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை முதல் வாரத்திலேயே நேர்கின்றன. போதைப் பழக்கம் திடீரென அறுபடும் நாட்கள் அவை. தற்கொலை ஆபத்து உச்சத்தில் இருக்கும் நாட்களும் அவையே. ஆபத்து வாசலருகே இருக்க, விகிதமோ நெடுநாள் இருப்பவர்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2015 ஜூலையில், காரில் பாதை மாறும்போது சைகை விளக்குப் போடவில்லை என்று நிறுத்தப்பட்டுக் கைதான சாண்ட்ரா பிளாண்ட், மூன்றாம் நாள் டெக்சஸின் வாலர் கவுண்டி சிறையில் இறந்துகிடந்தார். அவர் பெயரால் 2017இல் வந்த சட்டத்துக்குப் பிறகு தற்கொலை முயற்சி, சாவு, பலத்த காயம் போன்றவற்றையும் கவுண்டிகள் மாதந்தோறும் ஆணையத்துக்குத் தெரிவிக்கின்றன.

நாடு முழுவதற்குமான சாவுக் கணக்கு இன்னும் மோசம். 2021 நிதியாண்டில் சிறைகளிலும் கைதின்போதும் நேர்ந்த சாவுகளில் குறைந்தது 990 நீதித் துறைக்கு வந்து சேரவில்லை என்று 2022இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கண்டறிந்தது. கண்டறிய ரகசிய ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. அவற்றில் 341 சாவுகள் மாநிலங்கள் தங்கள் சொந்த இணையதளங்களிலேயே வெளியிட்டிருந்தவை.