பிரேக்கை மிதித்தால் அணையும் விளக்கு

பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. லைட் போட்டிருக்கிறது, பின்னால் இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு எரிகிறது. பிரேக்கை மிதித்தால் இரண்டும் பளிச்சென்று கூட வேண்டும், ஆனால் இடது பக்கம் மட்டும் சுத்தமாக அணைந்துவிடுகிறது. புது பல்பு போட்டாலும் அதே கதைதான்.

பல்பில் கோளாறு இல்லை, எர்த்தில்தான், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழியில். அந்தப் பல்புக்குள் பின்விளக்குக்கு 5 வாட் இழை ஒன்று, பிரேக்குக்கு 21 வாட் இழை ஒன்று. இரண்டும் பல்பின் பித்தளை உடம்பில் சேர்ந்து, ஹோல்டர் வழியாகக் காரின் இரும்புப் பாடிக்கும், அங்கிருந்து பேட்டரிக்கும் போக வேண்டும். ஹோல்டரில் துரு ஏறி அந்த வழி அடைபட்டால், 5 வாட் இழையில் வந்த மின்சாரம் பக்கத்து 21 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பச்சையில் ஊதாக் கோடு போட்ட பிரேக் ஒயரைப் பிடித்து வலது பக்க பிரேக் இழைக்குப் போய் அங்கே எர்த்தைத் தொட்டுவிடுகிறது! அதனால்தான் எர்த்தே இல்லாத பல்பும் எரிகிறது. பிரேக்கை மிதித்ததும் அந்த ஒயரிலும் 12 வோல்ட் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், ஓட இடமில்லை, விளக்கு அணைகிறது.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்த கார் இது. இத்தனை வருஷ ஈரத்தில் இணைப்புகள் அரிக்கத்தான் செய்யும், எதற்கெடுத்தாலும் இதன் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியைத் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முழுசாக அறுந்த எர்த்தைவிடப் பாதி கெட்ட எர்த் மோசம். 60 வாட் ஹெட்லைட் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். வழியில் அரை ஓம் தடை வந்தாலே அங்கே 2 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும், வெளிச்சமோ ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும். மீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், மின்சாரம் ஓடாத இடத்தில் தடை தன்னைக் காட்டிக்கொள்ளாது, உள்ளே ஒரே ஒரு செம்புக் கம்பி மட்டும் அறாமல் இருக்கும் ஒயர்கூட அந்தச் சோதனையில் பாஸாகிவிடும்.

அதனால் பல்பு மாட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும். லைட்டைப் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை பல்பின் பித்தளை உடம்பில், இன்னொன்று பேட்டரியின் எர்த் முனையில். பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் நீளமான ஒயர் ஒன்று தேவைப்படும். எர்த் நன்றாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம், 1 வோல்ட் காட்டினாலே வழியில் எங்கோ அடைப்பு. அப்புறம் முனையை ஹோல்டருக்கு, பாடிக்கு, பேட்டரி கேபிளின் போல்ட்டுக்கு என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே அளவு சட்டென்று குறைகிறதோ அங்கேதான் துரு. 1967 வரை வந்த வண்டிகளில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை, மீட்டரில் மைனஸ் குறி வந்தால் பயப்பட வேண்டாம்.

இடம் தெரிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பளபளப்பான உலோகம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள். திரும்ப அளந்தால் 0.1 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும்.