ஊர்ப்பூனையா, காட்டுப்பூனையா?

குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு சுவரொட்டி: ‘காட்டுப்பூனைகளுக்கு இலவசக் கருத்தடை முகாம்’. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து என்னோடு வந்த பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். நின்றுவிட்டார். “காட்டுப்பூனையைப் பிடித்தால் ஃபாரஸ்ட்காரர்கள் சும்மா விடுவார்களா, கண்ணு?”

பாட்டி கேட்டதில் பிழையில்லை, பிழை சுவரொட்டியில். ‘ஃபெரல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். அதன் வேர், காட்டு விலங்கைக் குறிக்கும் ‘ஃபெரா’ என்ற லத்தீன் சொல். ஆனால் ஃபெரல் பூனை என்பது வீட்டுப்பூனை இனமேதான். மனிதர் கை படாமல் வளர்ந்தது, அவ்வளவே. நீலகிரியில் காட்டுப்பூனை என்றால் வேறு விலங்கு: நெடுங்கால், குட்டை வால், வால் நுனியில் கருவளையம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ‘வெருகு’ என்ற பழஞ்சொல்லைச் சிலர் எடுத்துத் தருவார்கள். அதற்கும் காட்டுப்பூனை என்றே பொருள் உண்டு, குழப்பம் தீராது. தோட்டத்தில் சொல்வதுபோல ‘ஆள் அண்டாத பூனை’ என்றால் போதும்.

அடுத்தது ‘கம்யூனிட்டி கேட்’. பொதுவானது என்ற பொருளுள்ள ‘கொம்யூனிஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒருவருக்கும் சொந்தமில்லாமல், பலர் வைக்கும் சோற்றில் வாழும் பூனை. இதைச் ‘சமூகப் பூனை’ என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் ‘எந்தச் சமூகம்?’ என்று கேட்டால் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும், பூனையையாவது விட்டுவிடலாம். ‘சமுதாயப் பூனை’யோ கல்யாணக் கூடத்தை நினைவூட்டுகிறது. ஊர்க்குருவி, ஊர்ப்பன்றி என்று சொல்லிப் பழகிய மொழிக்கு ‘ஊர்ப்பூனை’ தானாக வரும். தமிழில் ஊருக்கு எதிர்ச்சொல் காடு என்பதால் பாட்டியின் ஐயமும் தீரும். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் உரிமையாளர் இல்லாத ஊர் விலங்குகளைச் சொல்லும்போது வன விலங்குகளை விலக்கியே வைக்கின்றன.

கருத்தடை செய்வதைக் குறிக்கும் ‘நியூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீனில் ‘இரண்டில் எதுவுமில்லை’ என்று பொருள். காளைக்குச் சொல்லும் ‘காயடித்தல்’ ஆணுக்கு மட்டுமே பொருந்தும்; பெட்டைக்கும் கடுவனுக்கும் சேர்த்துச் சொல்ல ‘கருத்தடை’யே நல்லது.

வேலை நடக்கும் விதம் எளிது. கூண்டில் கருவாட்டை வைப்பார்கள். கதவு விழுந்ததும் பூனை மோதிப் புரளும்; மேலே சாக்கைப் போர்த்தினால் அடங்கிவிடும். அறுவை முடிந்து தேறியதும் பிடித்த இடத்திலேயே விடவேண்டும். எங்கோ கொண்டுபோய்த் தள்ளினால், மீன்கடைக் கழிவு இருக்கும்வரை அந்த இடத்துக்கு வேறு பூனைகள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் கருத்தடை செய்த பூனை குட்டி போடாதே தவிர, குருவி பிடிக்கும். சோலைக்காட்டை ஒட்டிய இடங்களில் சோறு வைத்துப் பூனைக்கூட்டம் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மீண்டும் அதே பூனையைப் பிடிக்காமலிருக்க, மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை நேராக வெட்டிவிடுவார்கள். இதற்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் உண்டு. நான் தமிழில் தேடிக்கொண்டிருந்தபோது, பாட்டி லயன் வாசலில் சோற்றுத் தட்டைச் சுற்றி நின்றவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்: “மூளிக்காது மூன்று, முழுக்காது ஒன்று.”