உட்கார வைத்தால் உட்காருகிறான்

“உட்கார வச்சா உட்காருறான் மிஸ். தரையில விட்டாதான் சாஞ்சிடுறான்.”

செந்தூலிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். மடியில் ஏழு மாதப் பேரன். கொழுகொழுவென்று, முகத்தைப் பார்த்ததும் சிரிக்கிற பிள்ளை. பக்கத்தில் மகள், பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அலுவலக உடையோடு வந்திருந்தார். கையோடு அந்த இருக்கையையும் கொண்டுவந்திருந்தார்கள். நுரை வார்ப்பில் செய்தது. இரண்டு காலும் நுழைய இரண்டு குழி, முதுகுக்கு ஒரு வளைவு. அதில் வைத்தால் பையன் ராஜா மாதிரி இருந்தான். தூக்கிப் பாயில் வைத்தேன். இரண்டு நொடி இருந்தான், அப்புறம் அப்படியே முன்பக்கம் கவிழ்ந்தான். விழும்போது கையை ஊன்ற வேண்டும் என்று அவன் உடம்புக்குத் தோன்றவே இல்லை. என் கை அங்கே இருந்ததால் நெற்றி தப்பியது.

அவன் உட்காராதது எனக்குப் பெரிய கவலை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி, பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. ஏழு மாதப் பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என்னை நிறுத்தியது அந்த வராத கைதான்.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். உட்காருவது தன்வினை. உட்கார வைப்பது பிறவினை. கோலாலம்பூரில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக நான் பார்க்கும் வேலையில் பெற்றோருக்கு அதிகமாக விளக்க வேண்டியிருப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

குழந்தை தானாக உட்காரும் அந்த ஒரு நொடிக்குள் எவ்வளவோ நடக்கிறது. தலை சற்று இடப்பக்கம் போனால் வலப்பக்கத்து விலாத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. பொம்மைக்காகக் கை நீட்டினால் உடம்பின் பாரம் ஒரு பக்கப் பிட்டத்துக்கு மாறுகிறது. பாரம் எல்லை மீறிப் போனால் கை தானாக வெளியே வந்து தரையைத் தேடுகிறது. முதலில் முன்பக்கம், பிறகு பக்கவாட்டில், கடைசியாகப் பின்பக்கம் என்று இந்தத் தற்காப்பு ஒழுங்காக வந்து சேரும். சாய்ந்து சாய்ந்துதான் உடம்பு இதைக் கற்றுக்கொள்கிறது. வார்ப்பு இருக்கையில் சாயவே முடியாது. இடுப்பு குழிக்குள் இறங்கி, இடுப்பெலும்பு பின்னால் சரிந்து, முதுகு வில்லாக வளைந்துவிடும். தசைகளின் வேலையை நுரை செய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, உள்ளே ஒரு வேலையும் நடப்பதில்லை.

கழுத்து இன்னும் நிற்காத சின்னக் குழந்தையென்றால் இன்னொன்றும் உண்டு. தலை முன்னால் விழுந்து மோவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சுப்பாதை நெருங்கும். அதனால்தான் பவுன்சரிலோ (சாய்ந்தபடி ஆடும் குழந்தை இருக்கை) வேறு இருக்கையிலோ பிள்ளையைத் தூங்க விட வேண்டாம் என்கிறோம். தூங்கிவிட்டால் எடுத்து, சமமான, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் போடுங்கள்.

சரி, செந்தூல் வீட்டுக்கு வருகிறேன். அந்த அம்மாவையும் பாட்டியையும் உட்கார வைத்து, பிள்ளையின் ஒரு நாளை மணிவாரியாகச் சொல்லச் சொன்னேன். குற்றம் பார்ப்பதற்காகக் கேட்கவில்லை; எந்தக் குடும்பம் வந்தாலும் இதைக் கேட்பேன். காலை ஆறரைக்கு அம்மா கிளம்பும்வரை பவுன்சர். பிறகு கார் சீட், ஜாலான் ஈப்போ நெரிசலில் முக்கால் மணி நேரம். பாட்டி வீட்டில் சமையல் முடியும்வரை நுரை இருக்கை, முன்னால் தொலைக்காட்சி. மதியம் தூளி. சாயங்காலம் ஸ்ட்ரோலரில் கீழே ஒரு சுற்று. மறுபடி கார் சீட், பிறகு சோறூட்ட உயர நாற்காலி. கூட்டிப் பார்த்தோம். விழித்திருக்கும் நேரத்தில் ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஏதோ ஒன்றில் வார் போட்டோ, குழிக்குள் இறங்கியோ இருக்கிறான். தரையில்? பாட்டி யோசித்தார். “பெம்பர்ஸ் மாத்துறப்ப படுக்க வைப்பேன்” என்றார். கணக்கைக் கேட்டு அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் செய்ததில் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. கார் சீட்டை யாரும் குறை சொல்லக் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் அது சட்டம், உயிரைக் காக்கிற சாமான். காரில் அது கட்டாயம் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அடுப்பில் எண்ணெய் காயும்போது பாட்டி பிள்ளையைப் பாதுகாப்பான ஓர் இடத்தில் வைப்பதும் சரியான காரியம். சிக்கல் தனித்தனிச் சாமானில் இல்லை, அவை வரிசையாகக் கோத்துக்கொள்வதில் இருக்கிறது. ஒன்றிலிருந்து தூக்கி அடுத்ததில் வைத்தால், நாள் முழுவதும் பிள்ளையின் முதுகு எதன்மீதோ சாய்ந்தே கிடக்கும்.

2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி இதை இரண்டு எண்களில் சொல்கிறது. ஒரே மூச்சில் 1 மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கட்டிப்போட்டதுபோல் ஓரிடத்தில் வைக்கக் கூடாது. ஸ்ட்ரோலர், உயர நாற்காலி எல்லாம் இதில் சேரும். இன்னும் நகரத் தொடங்காத பிள்ளை, விழித்திருக்கும்போது ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுத்து விளையாட வேண்டும். ஒரு வயதுக்குள் திரை வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. நுரை இருக்கையைப் பொறுத்தவரை என் கணக்கு இன்னும் கறாரானது: தலை நன்றாக நின்ற பிள்ளைக்கு மட்டும், ஒரு தடவைக்கு பத்துப் பதினைந்து நிமிடம், எப்போதும் தரையில் வைத்து. மேசையிலோ சமையல் மேடையிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். உயரத்திலிருந்து பிள்ளைகள் விழுந்ததால் 2012-இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட இருக்கைகள் ஏறத்தாழ 40 லட்சத்தைத் திரும்ப அழைத்து, இடுப்பு வார் கொடுக்க வேண்டி வந்தது.

குப்புறப் போடச் சொன்னால் பல பெற்றோர் பயப்படுகிறார்கள். “மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும்னு நர்ஸ் சொன்னாங்களே?” நர்ஸ் சொன்னது முற்றிலும் சரி, அது தூக்கத்துக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992-இல் குப்புறத் தூங்க வைக்காதீர்கள் என்று சொல்லி, 1994-இல் அதைப் பெரிய இயக்கமாக நடத்திய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் அங்கே பாதிக்கும் மேல் குறைந்தன. மற்ற நாடுகளும் அதே வழியில் போயின. ஆனால் தூங்கும்போது மட்டும் என்ற சொல் வழியில் எங்கோ தொலைந்துபோனது. விழித்திருக்கும் நேரமும் மல்லாக்கவே கழிவதால், ஒரு பக்கம் தட்டையான பின்மண்டையோடு என்னிடம் வரும் குழந்தைகள் நிறைய.

நம் பாட்டிமாருக்கு இதையெல்லாம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கால்களை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின்மேல் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்களே, அந்தக் குழந்தை தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்குமே, அதுதான் நான் சொல்கிற பயிற்சி. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்றார்கள். ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் பருவம் அது. இதைவிடத் துல்லியமாக நான் என் குறிப்பேட்டில் எழுதியதில்லை. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கைகொட்டும் பருவம். உட்கார்ந்தபடி இரு கையையும் தட்ட வேண்டுமென்றால் ஊன்றிய கை தரையைவிட்டு எழ வேண்டும், முதுகு தன்னைத்தானே தாங்க வேண்டும். மேலே சொன்ன 9.2 மாதத்தோடு இதை வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். அந்தப் புலவர்கள் தரையில் கிடக்கும் பிள்ளையை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

தூளியைப் பற்றியும் கேட்பார்கள். சேலைத் தூளியோ, சரோங் மாட்டிய ஸ்பிரிங் தொட்டிலோ இல்லாத தமிழ் வீடு இங்கே அபூர்வம். அழுகிற பிள்ளையை அமர்த்த நாலு ஆட்டு ஆட்டுவதை நான் தடுப்பதில்லை. ஆனால் இரவு முழுத் தூக்கம் சமமான படுக்கையில்தான் இருக்க வேண்டும். விழித்துக்கொண்ட பிள்ளையைத் திரும்பவும் ஆட்டி ஆட்டி உள்ளேயே வைத்திருக்காதீர்கள். மோட்டார் வைத்த தொட்டில் வந்த பிறகு இது அதிகமாகிவிட்டது. ஆட்டுகிற கைக்கு வலிப்பதே இல்லை.

வாக்கரைப் பற்றி எனக்கு இரண்டு மனம் கிடையாது. வேண்டாம். சக்கரம் வைத்த அந்த வட்டத்துக்குள் பிள்ளை நுனிக்காலால் உந்துகிறது, தன் பாதத்தையே பார்ப்பதில்லை, பாரத்தைத் துணி இருக்கை சுமக்கிறது. இது நடை இல்லை. நடையைச் சீக்கிரம் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தாமதப்படுத்தக்கூடும். அதைவிட, ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் பாய்ந்துவிடும், நாம் எழுந்திருப்பதற்குள் படிக்கட்டுக்குப் போய்விடும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கர் விபத்தில் 2,30,000-க்கும் அதிகமான கைக்குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. கனடா 2004-இல் விற்பனையையே தடை செய்தது. இங்கே அது இன்னும் பிறந்தநாள் பரிசாக வருகிறது. யாராவது நூறு வெள்ளி செலவழித்துப் பரிசு தரப்போகிறார்கள் என்று தெரிந்தால், முன்கூட்டியே ஒரு நல்ல தடித்த பாய் கேளுங்கள்.

பாய் எங்கே விரிப்பது என்ற கேள்வி உண்மையான கேள்விதான். பிபிஆர் எனும் அரசாங்க மலிவு அடுக்குமாடி வீடு ஏறத்தாழ 700 சதுர அடி. அதில் சோபா, சாமி மேடை, துணி காயப்போடும் கம்பி, மூத்த பிள்ளைகளின் பள்ளிப் பை. வேலைக்கு வந்த புதிதில் நான் இதை யோசிக்காமல், தரையில் விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரு தாய் அடுத்த முறை வந்து, எங்கள் வீட்டில் தரையே கண்ணுக்குத் தெரியாது மிஸ் என்றார். அன்றிலிருந்து வீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் பேசுகிறேன். குழந்தைக்கு ஒரு கட்டில் அளவு இடம் போதும். சோபாவை ஓரடி தள்ளினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். டைல்ஸ் சில்லென்று இருந்தால் தடித்த ரப்பர் பாய்; மெத்தை வேண்டாம், அதில் கை புதையும், உந்த முடியாது. காற்றாடி நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலுறையைக் கழற்றிவிடுங்கள், வெறும் பாதத்துக்குத்தான் தரை தெரியும். எறும்பு வருகிற வீடென்றால் பால் சிந்திய துணியை அங்கே போடாதீர்கள். இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் இவற்றால்தான் பாய் விரிக்கப்படாமலே போகிறது.

குப்புறப் போட்டதும் அழுகிறது என்பார்கள். அழும், புதுப் பழக்கம், தலை கனமானது. பிறந்த சில நாளிலேயே உங்கள் நெஞ்சின்மேல், நீங்கள் சாய்ந்து படுத்துக்கொண்டு, ஆரம்பிக்கலாம். உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் முதலில் தலை எழும். பிறகு தரையில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், பெம்பர்ஸ் மாற்றிய ஒவ்வொரு தடவையும். பால் குடித்த உடனே வேண்டாம். ஒரு துண்டைச் சுருட்டி அக்குளுக்குக் கீழே நெஞ்சுக்கடியில் வைத்தால் சுலபமாகும். முக்கியமாக, நீங்களும் தரையில் படுங்கள். முட்டி வலிக்கிற பாட்டி என்றால் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும். குப்புறக் கிடந்தபடியே தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்பிவிடுங்கள். அந்த நேரம் முழுவதும் யாராவது பக்கத்தில் விழித்திருக்க வேண்டும்.

செந்தூல் பாட்டி முக்காலிதான் போட்டார். சமைக்கும்போது பிள்ளையைப் பாயில் விட்டு, சமையலறை வாசலில் பலகையால் ஒரு தடுப்பு வைத்தார். அவன் குரல் கேட்கும், கண்ணுக்கும் தெரிவான். ஐந்து வாரம் கழித்து வந்தபோது முன்னால் கையூன்றித் தவளைபோல் உட்கார்ந்திருந்தான். எட்டரை மாதத்தில் கையை எடுத்துவிட்டான். வளர்ச்சி தானும் தன் வேலையைச் செய்திருக்கும், எல்லாப் புகழும் பாய்க்கு இல்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். ஆனால் அன்று அவனை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். கை விருட்டென்று வெளியே வந்து பாயில் ஊன்றியது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எல்லாக் குழந்தைக்கும் தரை மட்டும் போதாது என்பதையும் எழுதியாக வேண்டும். நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒரு கை மட்டும் எப்போதும் முறுக்கி மூடியிருக்கிறது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையைத்தான் பயன்படுத்துகிறது, கால்கள் கத்தரிபோல் விறைக்கின்றன அல்லது உடம்பு துணிபோல் துவள்கிறது, தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறது, ஒன்பது மாதம் தாண்டியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, செய்துகொண்டிருந்ததைத் திடீரென்று விட்டுவிட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகள் உண்டு, உலகச் சுகாதார நிறுவனத்தின் அந்தக் கணக்கிலேயே 4.3 விழுக்காட்டினர் முட்டிபோட்டுத் தவழவில்லை. அது ஒன்றை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு வயதை, மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். 2, 3, 5-ஆம் மாதத் தடுப்பூசிக்கு அரசாங்கக் கிளினிக்குக்கு எப்படியும் போவீர்கள். ஊசி போட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடாமல், குழந்தையின் பதிவுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, உங்களுக்கு உறுத்துவதை நர்ஸிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வீட்டில் எடுத்த சின்னக் காணொளி ஒன்று கைப்பேசியில் இருந்தால் அதையும் காட்டுங்கள். கிளினிக்கில் பல பிள்ளைகள் அழுதே நேரத்தைக் கழித்துவிடுவார்கள்.