கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, முகம்தான் தெரியல

என் தொழில் வீடுகளுக்கு கேமராவும் லாக்கும் மாட்டுறது. ஆனா எனக்கு வர்ற போன் எல்லாமே புதுசா மாட்டச் சொல்லி வர்றதில்ல, "சார் நேத்து ராத்திரி யாரோ உள்ள வந்துட்டுப் போயிருக்காங்க, ரெக்கார்டிங் எடுத்துக் குடுங்க"ன்னு நிறைய வரும். போய்ப் பார்த்தா என்ன இருக்கும் தெரியுமா, ஒரு வீட்டுல தொப்பியோட உச்சி மட்டும் தெளிவா தெரியும், இன்னொரு வீட்டுல மெமரி கார்டு செத்து மூணு வாரம் ஆகியிருக்கும், ஆனா ஆப்ல லைவ் படம் ஜம்முனு வந்துக்கிட்டு இருந்ததால யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டுல திருடன் ரெக்கார்டிங் எல்லாம் சேருற டிவிஆர் பெட்டியவே கழட்டிக்கிட்டுப் போயிட்டான், அது டிவிக்குக் கீழயே சிவப்பு லைட் போட்டு மின்னிக்கிட்டு இருந்தா அவனும்தான் என்ன பண்ணுவான்.

இத்தனைக்கும் இவங்க யாரும் மட்டமான பொருள் வாங்கினவங்க இல்ல. தப்பு பெரும்பாலும் எங்க மாட்டுறோம், எப்படி செட் பண்றோம், சாவி யார் கையில இருக்குங்குறதுலதான்.

எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தனை மெகாபிக்சல்?". நான் திருப்பிக் கேக்குறது "எவ்வளவு தூரத்துல வர்ற ஆளோட முகம் உங்களுக்குத் தெரியணும்?". ஐஇசி 62676-4ன்னு கேமராவுக்கு ஒரு சர்வதேச தரம் இருக்கு, அதோட 2014 பதிப்புல முன்பின் தெரியாத ஒருத்தர இவர்தான்னு அடையாளம் சொல்லணும்னா ஆள் நிக்கிற இடத்துல ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேணும், ஏற்கனவே தெரிஞ்ச ஆள கண்டுபிடிக்க 125 போதும், யாரோ ஒருத்தர் இருக்காருன்னு தெரிய 25 போதும்னு கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க. இப்ப 2 மெகாபிக்சல் கேமராவுல குறுக்கால 1920 பிக்சல், அத 250ஆல வகுத்தா 7.7 மீட்டர் அகலம். வீட்டுக்கு வழக்கமா வர்ற 2.8 எம்எம் லென்ஸ் சுமாரா 100 டிகிரி விரிச்சுப் பார்க்கும், அந்த விரிப்புல 7.7 மீட்டர் அகலம்ங்குறது கேமராவுல இருந்து வெறும் 10 அடி தூரத்துலயே வந்துடும். அதாவது 10 அடிக்கு அந்தாண்ட நிக்கிறவன் முகம் வெறும் உத்தேசம்தான்.

சரி 8 மெகாபிக்சல் வாங்கிடுவோம்னு தோணும். அதே 2.8 லென்ஸ்ல அது 21 அடி வரைக்கும் தரும், ஆனா 2 மெகாபிக்சல் கேமராவுல 6 எம்எம் லென்ஸ் போட்டா பார்வை 50 டிகிரி அளவுக்கு சுருங்கி 27 அடி வரைக்கும் முகம் கிடைக்கும். மெகாபிக்சல் பின்னாடி ஓடுறவங்களுக்கு இத சொன்னா நம்ப மாட்டாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாதான் ஒத்துக்குவாங்க. போதாக்குறைக்கு ஒரே சைஸ் சென்சார்ல பிக்சல அதிகமா அடைச்சா ஒவ்வொண்ணுக்கும் வெளிச்சம் கம்மியாதான் விழும், ராத்திரி படம் புள்ளி புள்ளியா வரும். அதனால நான் செய்யறது, கேட்டையோ வாசலையோ பார்க்க ஒரு ஒடுக்கமான லென்ஸ், சுத்தியும் என்ன நடக்குதுன்னு பார்க்க ஒரு அகலமான லென்ஸ். ஒரே கேமரா ரெண்டு வேலையும் பார்க்கணும்னு நினைச்சா ரெண்டும் கெட்டுடும்.

உயரம் அடுத்தது. யாரும் கழட்டிடக் கூடாதுன்னு மாடிக்குப் பக்கத்துல மாட்டச் சொல்றாங்க, அங்க இருந்து பார்த்தா மண்டையும் தோளும்தான் தெரியும். வாசல் கேமரா எட்டு அடிக்கு மேல போக வேண்டாம், கழட்டிடுவான்னு பயம்னா அந்த கேமராவையே பார்க்குற மாதிரி இன்னொண்ண உயரத்துல வெச்சுக்கோங்க. அப்புறம் வெளிச்சம். நிழலான வராந்தாவுல இருந்து வெயில் அடிக்கிற தெருவ பார்த்து வெச்சா வர்றவங்க எல்லாம் கருப்பு உருவம்தான், அதுக்கு வெயிலையும் நிழலையும் ஒரே படத்துல சமாளிக்கிற டபிள்யூடிஆர் வசதி இருக்குற கேமரா வேணும், இருந்தும் ஆஃப்ல கிடக்குற வீடுகள்தான் நான் அதிகமா பார்க்குறது. ராத்திரிக்கு கேமராவுலயே இருக்குற, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஐஆர் லைட், அத ஜன்னல் கண்ணாடிக்கு உள்ள வெச்சா வெளிச்சம் கண்ணாடியில பட்டுத் திரும்பி மொத்தமும் வெள்ளையா ஆயிடும். சிலந்திக்கு அந்த ஐஆர் லைட் பக்கம்னா அவ்வளவு இஷ்டம், பூச்சி வருதுல்ல, ஒரே ஒரு நூலாம்படை லென்ஸ் முன்னாடி ஆடினா ராத்திரி முழுக்க நோட்டிஃபிகேஷன் வந்துக்கிட்டே இருக்கும், நீங்க கடுப்பாகி ஆஃப் பண்ணிடுவீங்க, நிஜமா ஆள் வர்ற அன்னைக்கு போன் சத்தமே போடாது.

பேட்டரியில ஓடுற கேமரா வயர் இல்லாததால எல்லாருக்கும் பிடிக்குது. ஆனா அது தூங்கிக்கிட்டு இருந்து உடம்புச் சூட்ட வெச்சுதான் முழிச்சுக்கும், முழிச்சு ரெக்கார்ட் பண்றதுக்குள்ள வேகமா நடக்குற ஆளோட முதுகுதான் கிடைக்கும். இன்னொண்ணு, அந்த சென்சார் குறுக்கால போற ஆள நல்லா பிடிக்கும், நேரா கேமராவ நோக்கி வர்ற ஆள்கிட்ட மந்தமாயிடும், அதனால நடைபாதைக்குப் பக்கவாட்டுல வைக்கணும். வயர் இழுக்க முடிஞ்ச இடத்துல நான் பிஓஇதான் சொல்லுவேன், ஒரே நெட்வொர்க் கேபிள்ல கரண்டும் படமும் போயிடும், 100 மீட்டர் வரைக்கும் கவலையில்ல, வைஃபைய யாராவது முடக்கினாலும் ரெக்கார்டிங் நிக்காது.

ஸ்டோரேஜ் கணக்க கடையில யாரும் சொல்றதில்ல. 2 எம்பிபிஎஸ் வேகத்துல, அதாவது நொடிக்கு 2 மெகாபிட்னு ஓடுற ஒரு கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி சாப்பிடும். நாலு கேமரான்னா 1 டிபி டிஸ்க் 11 நாள் தாங்கும், அப்புறம் பழசு மேலயே எழுத ஆரம்பிச்சுடும். 8 மெகாபிக்சல்ல நாலு கேமரா, ஒவ்வொண்ணும் 8 எம்பிபிஎஸ்ல ஓடுதுன்னா அதே டிஸ்க் மூணு நாள் கூட வராது, நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தீங்கன்னா முடிஞ்சுது கதை. மெமரி கார்டு போடுற கேமராவா இருந்தா ஹை எண்டியூரன்ஸ்னு கேட்டு வாங்குங்க, போன்ல போடுற சாதா கார்டு இப்படி இடைவிடாம எழுதினா சீக்கிரம் செத்துடும். பெட்டிய கண்ணுக்குப் படாத இடத்துல வைங்க, ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் குடுங்க, தேதியும் நேரமும் தானா சரியாகுற மாதிரி செட் பண்ணுங்க, 7 மணி நேரம் தப்பா காட்டுற வீடியோவ வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்ப என் தொழில்காரங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம். மாட்ட வந்தவர் அவசரத்துல அவரோட ஈமெயில்லயே அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி உங்களுக்கு ஷேர் மட்டும் குடுத்துட்டுப் போயிருப்பார். அப்ப உங்க வீட்டு கேமராவுக்கு ஓனர் யாரு? அவர்தான். ஆப்ப திறந்து இப்பவே பாருங்க, நீங்க அட்மினா இல்ல கெஸ்ட்டான்னு. பெட்டியோட வந்த பாஸ்வேர்ட மாத்தாம விடுறதுக்கும் பெரிய வரலாறு இருக்கு, 2016ல மிராய்ங்குற வைரஸ் இந்த மாதிரி பாஸ்வேர்ட் மாத்தாத கேமராவையும் டிவிஆரையும் லட்சக்கணக்குல பிடிச்சு, அக்டோபர் 21ஆம் தேதி வெப்சைட் பேர வெச்சு அதோட முகவரிய கண்டுபிடிச்சுக் குடுக்குற டின்ங்குற கம்பெனிய தாக்குனதுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறுச்சு, யாரோட கேமரா அதெல்லாம், நம்மள மாதிரி வீட்டுக்காரங்களோடதுதான். க்ளவுட்ல வெச்சா பத்திரம்னு முழுசா நம்பவும் வேண்டாம், 2021 மார்ச்ல வெர்காடாங்குற க்ளவுட் கேமரா கம்பெனியோட சுமார் 1,50,000 கேமராவ ஹேக்கர்கள் பார்த்தாங்க, 2024 பிப்ரவரியில வைஸ்ங்குற கம்பெனியோட கேமரா வெச்சிருந்த சுமார் 13,000 பேருக்கு அடுத்தவங்க வீட்டுப் படம் ஆப்ல தெரிஞ்சுது. அதனால ரெண்டு விஷயத்துல நான் பிடிவாதம், பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்குற டூ ஃபேக்டர் கண்டிப்பா ஆன்ல இருக்கணும், பெட்ரூம்ல கேமரா கேட்டா நான் மாட்டித் தர மாட்டேன். வாங்கும்போது எத்தனை வருஷம் அப்டேட் வரும்னும் கேளுங்க, பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29ல இருந்து தயாரிக்கிற கம்பெனி அத சொல்லியே ஆகணும்னு சட்டமே வந்துடுச்சு.

ஃபிங்கர்பிரிண்ட், நம்பர் வெச்சுத் திறக்குற டிஜிட்டல் லாக்குக்கு வருவோம். டப்பாவப் பார்த்து மயங்கி வாங்கிட்டு வந்து கதவுல பொருந்தலன்னு கூப்பிடுறாங்க, முதல்ல கதவோட தடிமன அளந்துக்கோங்க, எந்தப் பக்கம் திறக்குது, பழைய பூட்டோட ஓட்டை எங்க இருக்குன்னு போட்டோ எடுத்துக்கோங்க. சரிவா இருக்குற ஸ்ப்ரிங் நாக்கு மட்டும் வெச்ச லாக்க ஒரு பிளாஸ்டிக் அட்டைய விட்டே நகத்திடலாம், உள்ள கெட்டியா இறங்குற டெட்போல்ட் இருக்கணும். நிலையில இருக்குற தகடு குட்டி ஸ்க்ரூவுல நின்னா ஒரு உதைக்குத் தாங்காது, ஃபிங்கர்பிரிண்ட் எவ்வளவு ஒசத்தியா இருந்து என்ன.

ஃபிங்கர்பிரிண்ட்டும் எல்லாருக்கும் ஒத்து வராது. வயசானவங்களுக்கும் சிமெண்ட், சோப்புத் தண்ணியில வேலை பார்க்குறவங்களுக்கும் ரேகை தேஞ்சிருக்கும், ஈரக் கையும் ஏமாத்தும், அவங்களுக்கு பின் நம்பர் குடுங்க. கார்டு வெச்சுத் திறக்குறது எனக்குப் பிடிக்காது, இந்த லாக்குகள்ல வர்ற மைஃபேர் கிளாசிக்ங்குற கார்டு வகையோட பாதுகாப்பு 2008லயே உடைஞ்சுது, இன்னைக்கும் அதே கார்டோட லாக் விக்குது. பேட்டரிக்கு சாதா ஆல்கலைன் போடுங்க, லித்தியம் செல் போட்டா கடைசி வரைக்கும் ஃபுல்னு காட்டிட்டு திடீர்னு படுத்துடும், ரீசார்ஜ் செல்லோ 1.2 வோல்ட்ங்குறதால முதல் நாளே லோ பேட்டரின்னு கத்தும். செத்துட்டா வெளிய இருந்து 9 வோல்ட் பேட்டரியோ யுஎஸ்பியோ வெச்சுத் திறக்குற வசதி இருக்கான்னு பாருங்க, கூட வர்ற மெக்கானிக்கல் சாவிய தயவு செஞ்சு அதே வீட்டு பீரோவுல பத்திரமா வைக்காதீங்க, சிரிக்காதீங்க, ஒரு தடவ இல்ல, பல தடவ பார்த்துட்டேன். உள்பக்கம் கரண்ட், ஆப், பின் எதுவுமில்லாம கைப்பிடிய திருப்பினா திறக்கணும், நெருப்பு பிடிச்சா யாரும் நம்பர் தேட மாட்டாங்க. வேலைக்கு வர்றவங்களுக்கு தனித்தனி நம்பர் குடுத்து, நின்னுட்டா அன்னைக்கே அழிச்சிடுங்க.

வேலை முடிஞ்சதும் நான் ஒரு கூத்து பண்ணுவேன். இருட்டினதுக்கு அப்புறம் தொப்பி போட்டுக்கிட்டு, வாசல் லைட்ட அணைக்கச் சொல்லிட்டு, கேட்ல இருந்து கதவு வரைக்கும் வேகமா நடந்து போயிட்டு வருவேன். அப்புறம் வீட்டுக்காரங்கள லைவ்ல இல்லாம ரெக்கார்டிங்ல போய் அந்த நிமிஷத்த எடுக்கச் சொல்லுவேன், அவங்களே எடுக்கணும், நான் தொட மாட்டேன். என் முகம் தெரியலன்னா அன்னைக்கே கேமராவ கீழ இறக்குவேன். போன வாரம் ஒரு வீட்டுல அந்தம்மா ரெக்கார்டிங்க பார்த்துட்டு "யாருங்க இது, உங்கள மாதிரியே இல்லையே"ன்னாங்க, மறுபடியும் ஏணிய எடுத்தேன்.