பந்தை எடுத்துவிடுங்கள், கையைத் திறக்க விடுங்கள்

நேற்றும் என்னிடம் கைப் பயிற்சிக்கு வந்தவர் ஒருவரோடு ஒரு ரப்பர் பந்து வந்தது. மழை தொடங்கியதிலிருந்து இது நான்காவது. பக்கவாதம் வந்து கை விழுந்தவர் வீட்டுக்குப் பார்க்கப் போகிற எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு பந்தையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள் போலிருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே மியான்மரில், யாங்கோன் நகரின் அனோரத்தா சாலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை மகன் கூட்டி வந்தார். வலது பக்கம் விழுந்து எட்டு மாதம். மடங்கிய விரல்களுக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு பந்து. "எப்பவும் கையிலேயேதான் வச்சிருக்கார், சயாமா. தூங்கும்போதுகூட எடுக்கிறதில்ல" என்றார் மகன், நல்ல பிள்ளையாக. (சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சரம்மா மாதிரி மரியாதைச் சொல்.) அந்தப் பந்தை வெளியே எடுக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அடியில் உள்ளங்கைத் தோல் ஊறி வெளுத்திருந்தது. மோதிர விரல் நகம் சதையில் பதிந்து புண்ணாகி, வாடை வந்தது. எட்டு மாதம் தவறாமல் செய்த முயற்சி அது. அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

பந்து ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு கைக்கு அசைவு திரும்பும்போது பெரும்பாலும் மடக்கும் அசைவுதான் முதலில் வருகிறது, விரிக்கும் அசைவு பின்னால் வருகிறது. 1951இலேயே ட்விச்செல் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதிவைத்தார். அதாவது, உங்கள் அப்பாவுக்கு விரலை மூட ஏற்கெனவே வருகிறது. திறக்கத்தான் வரவில்லை. தெரிந்த பாடத்தையே தினமும் ஐந்நூறு தடவை படிக்கவைத்து, தெரியாத பாடத்தின் பக்கமே போகாமல் இருக்கிறீர்கள். தம்ளரைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் கை அந்தத் தம்ளர் அளவுக்கு விரிய வேண்டும். பிடித்ததை விடவும் தெரிய வேண்டும். பந்து இந்த இரண்டையும் கற்றுத் தருவதில்லை. அதைவிட மோசம், இரவு பகலாக உள்ளே வைத்திருப்பது. மடங்கியபடியே கிடக்கிற தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும் அந்த நீளத்துக்கே குறுகிப்போகும். பிறகு மூளை தேறினாலும் விரல் நீளாது. பிடியே இல்லாத, துவண்ட கை என்றால் அது வேறு விஷயம். அதற்குப் பிடிக்கும் பயிற்சி நாங்களே கொடுப்போம். ஆனால் அது எந்தக் கை என்பதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பர்மிய மொழியில் இந்த நோய்க்கு 'லேபியாத்' என்று பெயர், காற்று வெட்டியது என்று பொருள். நாமும் வாதம் என்கிறோம், அதுவும் வாயுதான். இரண்டு பேச்சிலும் பெயரிலேயே காற்று இருப்பதால், கையில் எதுவோ அடைத்துக்கொண்டது, தைலம் தேய்த்து இறக்கிவிடலாம் என்று நம்புகிறார்கள். கோளாறு மூளையில். தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், தேய்த்துவிடுங்கள், தப்பில்லை. அதையே சிகிச்சை என்று நினைத்து மாதக்கணக்கைக் கடத்தாதீர்கள்.

சரி, இறுகிய கையை எப்படித் திறப்பது? விரல் நுனியைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுக்க இழுக்க இன்னும் இறுகும். முதலில் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெதுவாக மடக்குங்கள். விரல்களை மடக்கும் தசைநாண்கள் முன்னங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டித்தான் வருகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவை தளர்ந்து விரல் தானாகவே கொஞ்சம் இளகும். அப்புறம் கட்டை விரலை அதன் அடியில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்கள் பின்னாலேயே வரும். திறந்ததும் உள்ளங்கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நகத்தை வெட்டிவிடுங்கள்.

அடுத்தது வேலை. உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றைத் தேடாதீர்கள். ஆண்களுக்கு லோஞ்சி, அதாவது பர்மிய லுங்கி, இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை தடவை அவிழ்த்து இறுக்கிக் கட்டுகிறோம்! இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து விரித்து, இழுத்து, முன்னால் முடிச்சுப் போட்டுச் செருக வேண்டும். விரிப்பது, பிடிப்பது, விடுவது மூன்றும் அதில் உண்டு. வீட்டில் என்ன நடக்கிறது? மகன் கட்டிவிடுகிறார். அந்தப் பெரியவரை உட்காரவைத்து, வலது ஓரத்தை மட்டும் வலது கையில் பிடிக்கச் சொன்னோம். இப்போது கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் துணியை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. முடிச்சு இன்னும் விழவில்லை. பெண்களுக்கு நான் தனாக்காவைச் சொல்வேன், மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசிக்கொள்வார்களே, அது. அரைத்த சாந்தை விழுந்த கையால், உள்ளங்கையை விரித்துக் கன்னத்தில் பூசட்டும். கோணல்மாணலாகத்தான் வரும். வந்தால் என்ன?

எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை நேரத்தில் கை எத்தனை முறை பயன்படுகிறது என்று எண்ணிப் பார்த்தது. ஓர் அமர்வில் சராசரியாக 32 முறை. மூளை மாறுவதற்குத் தேவை நூற்றுக்கணக்கில். வாரத்துக்கு இரண்டு நாள் என்னிடம் வருவதால் மட்டும் கை வராது. வீட்டில்தான் வர வேண்டும்.

"ஆறு மாசம் தாண்டிடுச்சு, இனி வராதாமே?" என்று கேட்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் வேகம் அதிகம், உண்மை. அதற்கப்புறம் கதவு பூட்டப்படுவதில்லை. 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 222 பேர். பாதிப்பு வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். ஒரு பிரிவினருக்கு நல்ல கையை உறைக்குள் போட்டு, விழுந்த கையாலேயே இரண்டு வாரம் எல்லாம் செய்யவைத்தார்கள். கை தேறியது, ஓராண்டு கழித்தும் பலன் நின்றது. ஆனால் அவர்கள் மணிக்கட்டையும் விரலையும் ஓரளவாவது தூக்க முடிந்தவர்கள். இதைப் படித்துவிட்டு வீட்டில் நல்ல கையைக் கட்டிப்போடாதீர்கள். தடியூன்றி நடக்கிறவர் கீழே விழுந்தால் இடுப்பு போகும்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஒரு கண்ணாடி போதும். மேசையில் இரண்டு கைக்கும் நடுவே நெடுக்காக நிறுத்தி, விழுந்த கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையை விரித்து மூடும் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயல வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் கையிழந்தவர்களின் வலிக்காக 1990களில் கண்டுபிடித்த வழி இது, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. பலருக்கு உதவுகிறது.

இனி சில கண்டிப்பான பேச்சு. எழுப்பி உட்காரவைக்கும்போது விழுந்த கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் இழுக்காதீர்கள். தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி வந்தால் கைப் பயிற்சியே நின்றுபோகும். கதவுக்கு மேலே கயிறு போட்டு நல்ல கையால் மற்ற கையை இழுத்துத் தூக்குகிறீர்களே, அதை இன்றே அவிழ்த்துவிடுங்கள். உட்காரும்போது கை தொங்கக் கூடாது, தலையணை வையுங்கள். உணர்ச்சி குறைந்த கையில் சூடான தேநீர்க் கிளாஸைக் கொடுக்காதீர்கள். கொப்புளம் கண்ட பிறகுதான் சுட்டது தெரியும்.

விரல் மடங்கத் தொடங்கியதைப் பார்த்த முதல் வாரத்திலேயே கூட்டி வாருங்கள், அம்மா, ஐயா. செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். ஒரே ஒரு தடவை வந்தாலும் போதும். வீட்டில் யார் கூட இருக்கிறார்களோ அவரும் வரட்டும், கையைத் திறக்கும் விதத்தை அவர் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன்.